சீட்டாட்டம் அவருடைய குணமா, மாத்திரையின் விளைவா?

வாசகி ஒருவர் தன்னைப் பற்றிய அடையாளம் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்ற வேண்டுகோளுடன் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

அவருடைய கணவருக்கு 58 வயது. கணித ஆசிரியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வலது கை நடுங்கத் தொடங்கியது. கரும்பலகையில் எழுதும்போது வரி முடிவதற்குள் எழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்துவிடுகிறது என்று மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள். பார்க்கின்சன் நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்தார். முதலில் லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை கொடுத்தார். பத்து மாதங்களுக்கு முன்பு பிரமிபெக்ஸோல் என்ற மாத்திரையையும் சேர்த்து, அதன் அளவைப் படிப்படியாகக் கூட்டினார்.

லெவோடோபா சில ஆண்டுகள்தான் வேலை செய்யும் என்று எங்கோ படித்துவிட்டு, "இப்போதே தீர்த்துவிட்டால் பிறகு என்ன செய்வது" என்று கணவர் பாதி மாத்திரைதான் விழுங்குகிறார். இது போதாதென்று, கடந்த ஏழு மாதங்களாக இரவெல்லாம் கைபேசியில் பணம் வைத்துச் சீட்டாடுகிறார். அதற்கு முன் வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர். சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. கேட்டால் பொய் சொல்கிறார். ஆத்திரம் தாங்காமல் வாசகி எல்லா மாத்திரைகளையும் இரண்டு நாள் ஒளித்துவைத்தார். கணவரால் படுக்கையில் புரளக்கூட முடியாமல் உடல் விறைத்துப்போனதும், பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்பாவுக்கு டோபமின் போதை. கைபேசியைப் பிடுங்கி டோபமின் விரதம் இருக்க வைத்தால் சரியாகிவிடும்" என்கிறான் மகன். கணவரின் அண்ணனுக்கு இளவயதிலிருந்தே மனச்சிதைவு நோய். அவருக்கு டோபமின் அதிகம் என்று முன்பு ஒரு மருத்துவர் சொன்னாராம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்றால் பிள்ளைகளுக்கு என்ன வரும் என்ற கவலை வேறு. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நோயே போய்விடும் என்று ஒரு சிகிச்சை மையம் பெருந்தொகை கேட்கிறது. கடிதம் இப்படி முடிகிறது: "அவர் என்னைப் பார்த்துச் சிரித்துப் பல மாதங்கள் ஆகின்றன. நான் குடும்பம் நடத்திய மனிதர் இவர் இல்லை. பிரிந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரிவதா வேண்டாமா என்ற முடிவை இப்போது எடுக்காதீர்கள். எப்படியும் சேர்ந்து வாழ்ந்தே தீர வேண்டும் என்று உபதேசம் செய்யும் உரிமை எனக்கு இல்லை. அது உங்கள் வாழ்க்கை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நாள் கணக்கைப் பாருங்கள். பத்து மாதங்களுக்கு முன் பிரமிபெக்ஸோல் தொடங்குகிறது. அளவு கூட்டப்படுகிறது. மூன்று மாதத்தில் சீட்டாட்டம் தொடங்குகிறது. அதற்கு முன் அந்தப் பழக்கத்தின் சாயலே இல்லை. அவரை நேரில் பரிசோதிக்காமல் நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த வரிசையைக் கேட்கும் எந்த நரம்பியல் மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவது அந்த மாத்திரையைத்தான். இது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடக்கூடிய ஒன்றை அவருடைய குணக்கேடு என்று நம்பி நீங்கள் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மருந்து எப்படி ஒரு மனிதரைச் சூதாட வைக்கும் என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கு அவருடைய மூளையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்தச் சில லட்சம் செல்கள்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில், நரம்பு செல்களிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிப்பவை சில லட்சம் மட்டுமே. இவற்றில் பெரும்பாலானவை நடுமூளையில் அடுத்தடுத்த இரண்டு பகுதிகளில் இருக்கின்றன. முதலாவது, சப்ஸ்டான்ஷியா நைக்ரா. இங்குள்ள செல்களில் நியூரோமெலனின் என்ற கரிய நிறமி சேர்ந்திருப்பதால், நடுமூளையைக் குறுக்காக வெட்டினால் இருபுறமும் ஒரு கரிய பட்டை வெறுங்கண்ணுக்கே தெரியும். பார்க்கின்சன் நோயுடன் இறந்தவரின் மூளையில் அந்தப் பட்டை வெளிறிப்போயிருக்கும். மருத்துவ மாணவர்களுக்கு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவார்கள். ஒருமுறை பார்த்தவர்களுக்கு, "மனதைத் திடப்படுத்திக்கொண்டால் நடுக்கம் நின்றுவிடும்" என்று ஒரு நோயாளியிடம் சொல்ல வாய் வராது.

இந்தச் செல்கள் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு டோபமினை அனுப்புகின்றன. நினைத்த அசைவைத் தயங்காமல் தொடங்குவதற்கும், அது போதுமான வேகத்தோடும் வீச்சோடும் நடப்பதற்கும் அந்த டோபமின் வேண்டும். அது குறையும்போது ஒவ்வொரு அசைவும் சிறுத்துப்போகிறது. கரும்பலகையில் எழுத்து சிறுத்தது அதனால்தான். நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொள்வதும், குரல் தணிந்துபோவதும் அதனால்தான்.

சகோதரி, முகமும் தசைகளால்தான் அசைகிறது. சிரிப்பு என்பது உதட்டோரமும் கன்னமும் கண்ணிமையும் சேர்ந்து செய்யும் அசைவு. நாம் யோசிக்காமல் தானாக நிகழும் இதுபோன்ற அசைவுகளைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. என் நோயாளிகள் பலர், "உள்ளுக்குள் சிரிக்கிறேன் டாக்டர், யாருக்கும் தெரிவதில்லை" என்று சொல்லி வருந்தியிருக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதை வைத்து அவருக்கு உங்கள் மேல் அன்பில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கூடவே, ஆர்வமின்மையும் மனச்சோர்வும் இந்த நோயின் பகுதியாகவே வரக்கூடியவை. அவற்றுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஏன் குறிப்பாக இந்தச் செல்கள் அழிகின்றன என்பது மருத்துவ ஆராய்ச்சியில் இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு. அவற்றின் வேலைப்பளு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஓர் எலியின் இத்தகைய ஒரே ஒரு செல்லின் கிளைகளை அளந்து கூட்டினால் சுமார் அரை மீட்டர் நீளம் வருகிறது. மனித மூளையில் ஒரு செல் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளைப் பராமரிக்கிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதோடு, வெளியிலிருந்து தூண்டுதல் இல்லாமலேயே இவை இரவும் பகலும் தாமாக மின்துடிப்பை எழுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே நுழைகிறது. அதை வெளியேற்ற ஆற்றல் செலவாகிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிறிது பழுதுபட்டாலும் செல் திணறுகிறது. ஆல்ஃபா சினியூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து செல்லுக்குள் திரண்டு கிடப்பதும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் திரளைத்தான் லூயி உடல்கள் என்கிறோம்.

"முன்பே கூட்டிப் போயிருந்தால் தடுத்திருக்கலாமோ" என்று நீங்கள் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குற்ற உணர்வை இறக்கி வைத்துவிடுங்கள். கை முதல்முறை நடுங்கும் நேரத்திலேயே இந்தச் செல்களில் ஏறத்தாழ பாதி போயிருக்கும். ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் 70 முதல் 80 சதவீதம் வரை குறைந்திருக்கும். மிச்சமிருக்கும் செல்கள் அதிகமாக உழைத்து, பல ஆண்டுகள் குறையை வெளியே தெரியாமல் மறைத்துவிடுகின்றன. ஆறேழு ஆண்டுகளாகவே அவர் தூக்கத்தில் கனவு கண்டு கையைக் காலை உதறினார், வாசனை தெரியவில்லை என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை இந்த நோயின் முன்னறிகுறிகளாக இருந்திருக்கலாம். ஆனால் அப்போதே கண்டுபிடித்திருந்தாலும், செல்களின் அழிவைத் தடுத்து நிறுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைக்கும் இல்லை. நீங்கள் எதையும் தவறவிடவில்லை.

மருந்தை மிச்சம் பிடிக்க முடியாது

அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குவதற்கு வருகிறேன். உலகம் முழுவதும் நோயாளிகளிடம் இருக்கும் பயம் இது. ஒரு காலத்தில் மருத்துவர்களில் பலரும் இப்படித்தான் நினைத்தார்கள்.

டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் பயனில்லை. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எதை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் தடுப்பை அதனால் கடக்க முடியாது. அதன் மூலப்பொருளான லெவோடோபாவால் முடியும். உள்ளே போனதும் மூளை அதை டோபமினாக மாற்றிக்கொள்கிறது. 1957இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் டோபமினே ஒரு நரம்புக் கடத்தி என்று விலங்குகளில் காட்டினார். 1960இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச்சும் உடன் பணியாற்றியவரும், பார்க்கின்சன் நோயாளிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மறு ஆண்டே அங்கே நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசியாகச் செலுத்தப்பட்டது. எழ முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்றுவரை இந்த நோய்க்கு அதைவிடப் பயனுள்ள மருந்து வரவில்லை. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

சில ஆண்டுகளில் லெவோடோபாவின் பலன் மாறுவது உண்மைதான். முதலில் ஒரு மாத்திரை பல மணி நேரம் தாங்கும். பிறகு அடுத்த வேளை வருவதற்கு முன்பே நடுக்கமும் விறைப்பும் திரும்பும். காரணம் மருந்தில் இல்லை. இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடுகிறது. தொடக்கத்தில், மிஞ்சியிருக்கும் செல்கள் அதிலிருந்து செய்த டோபமினைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடுகின்றன. செல்கள் குறையக் குறைய, சேர்த்து வைக்க இடமில்லாமல் போகிறது. இது நோயின் போக்கு. மருந்தை இன்று தொடங்கினாலும் ஐந்து ஆண்டு கழித்துத் தொடங்கினாலும் செல்கள் குறைவது குறைந்துகொண்டுதான் இருக்கும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மருந்து எளிதில் கிடைக்காததால் நோய் வந்து பல ஆண்டுகள் கழித்து லெவோடோபா தொடங்கிய கானா நாட்டு நோயாளிகளையும், விரைவிலேயே தொடங்கிய இத்தாலிய நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. மருந்தின் பலன் நேரத்துக்கு முன்பே தீர்ந்துபோவதும், உடல் தானாக நெளியும் பக்கவிளைவும், இரு நாட்டிலும் நோய் தொடங்கி ஏறத்தாழ அதே காலம் கழித்தே வந்தன. தாமதமாகத் தொடங்கிய கானா நோயாளிகளுக்கு அவை மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டன. தள்ளிப்போட்டதில் அவர்கள் லாபம் எதையும் காணவில்லை. நன்றாக நடமாடியிருக்கக்கூடிய ஆண்டுகளைத்தான் இழந்தார்கள். 2019இல் நெதர்லாந்தில் 445 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும், முன்கூட்டியே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களுக்கும் 80ஆவது வார முடிவில் நோயின் நிலையில் வேறுபாடு இல்லை.

வங்கியில் போட்ட பணம்போல இந்த மருந்தைப் பிற்காலத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் கணித ஆசிரியர். கானா ஆய்வை விளக்கினால் உடனே பிடிபடும். தேவைக்கு மேல் அதிக அளவு எடுத்தால் உடல் நெளியும் பக்கவிளைவு கூடும் என்பது உண்மை. எனவே சரியான அளவு எது என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். அவராகப் பாதியாக்கக் கூடாது. இன்னொரு சந்தேகமும் எனக்கு எழுகிறது. அவர் லெவோடோபாவைப் பாதியாகக் குறைத்தது மருத்துவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், "லெவோடோபா போதவில்லை" என்று நினைத்துத்தான் பிரமிபெக்ஸோலைச் சேர்த்து அளவையும் கூட்டியிருப்பார்.

மாத்திரை விழுங்கும் நேரம் பற்றி ஒரு வார்த்தை. புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வழியாகத்தான் உடலுக்குள்ளும் மூளைக்குள்ளும் போகின்றன. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்குவது நல்லது. அதற்காகப் புரதத்தை அடியோடு நிறுத்தி உடலை வற்றவிட வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

சீட்டாட்டம் எங்கிருந்து வந்தது

நடுமூளையில் டோபமின் செல்கள் இரண்டு பகுதிகளில் இருக்கின்றன என்றேன். இரண்டாவது பகுதி வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி. இங்கிருந்து கிளம்பும் டோபமின் விருப்பம், ஊக்கம், அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்வது ஆகியவற்றோடு தொடர்புடைய இடங்களுக்குப் போகிறது. பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்களுக்கு ஏற்படும் சேதம் ஒப்பீட்டளவில் குறைவு.

பிரமிபெக்ஸோல், டோபமின் அகோனிஸ்ட் என்ற வகையைச் சேர்ந்தது. டோபமினாக மாறாமல், டோபமின் போய் ஒட்டும் ஏற்பிகளில் தானே ஒட்டி அவற்றைத் தூண்டுகிறது. அதிலும் டி3 என்ற ஏற்பிகளில் அதிகமாக ஒட்டுகிறது. அவை செறிந்திருப்பது விருப்பத்தோடு தொடர்புடைய பகுதியில்தான். வறண்டுபோன அசைவுப் பகுதிக்குப் போதுமான அளவு, பெரிதாகப் பாதிக்கப்படாத விருப்பப் பகுதிக்கு அளவு மீறியதாகிவிடுகிறது.

இதில் நுட்பமான ஒரு விஷயமும் இருக்கிறது. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் செல்களில் மின்துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பரிசு கிடைத்தால் துடிப்பு எகிறியது. எதிர்பார்த்தது போலவே கிடைத்தால் மாற்றமில்லை. எதிர்பார்த்த பரிசு கிடைக்காவிட்டால், அந்தக் கணத்தில் துடிப்பு சட்டென்று அடங்கியது. "இது வேலைக்காகாது, விட்டுவிடு" என்று மூளை கற்றுக்கொள்வது அந்தச் சரிவிலிருந்துதான். ஏற்பிகள் நாள் முழுவதும் மாத்திரையால் தூண்டப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு பதிவாவதில்லை. டோபமின் மருந்து எடுக்கும் பார்க்கின்சன் நோயாளிகள் வெற்றியிலிருந்து நன்றாகவும், தோல்வியிலிருந்து குறைவாகவும் கற்கிறார்கள் என்று சோதனைகளும் காட்டியிருக்கின்றன. இத்தனை இழந்தும் ஏன் அவருக்கு உறைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான். இழப்பை உறைக்க வைக்கும் சமிக்ஞையே மங்கிப்போயிருக்கிறது.

இது அபூர்வமானதும் அல்ல. 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், அகோனிஸ்ட் எடுத்துக்கொண்டவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இத்தகைய கட்டுப்பாட்டை இழந்த நடத்தை இருந்தது. சிலருக்குச் சூதாட்டம், சிலருக்கு வாங்கிக் குவிப்பது, சிலருக்கு இரவில் எழுந்து அளவின்றிச் சாப்பிடுவது, சிலருக்குப் பாலுறவு நாட்டம் மிதமிஞ்சிப் போவது. கடைசியாகச் சொன்னதை எந்தக் குடும்பமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது புதிதல்ல. அவர் பொய் சொல்வதும் இதன் கூடவே வருவது. தன்னால் நிறுத்த முடியவில்லை என்ற வெட்கம்தான் பெரும்பாலும் அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிறது.

இதனால் உங்களுக்கு நேர்ந்த நஷ்டமும் அவமானமும் இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் கோபப்பட்டது நியாயம். அந்தக் கோபத்தை அவர் மேல் இறக்குவதா, மாத்திரையின் அளவைத் திருத்தச் சொல்வதா என்பதுதான் இப்போது யோசிக்க வேண்டியது.

இனி என்ன செய்யலாம்

முதலில் செய்யக் கூடாதது: மாத்திரைகளை இனி ஒருபோதும் ஒளிக்காதீர்கள். டோபமின் மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைப்பு, கடும் காய்ச்சல், மனக்குழப்பம் எல்லாம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த இரண்டு நாள் ஆபத்தில்லாமல் கழிந்தது நல்வாய்ப்பு. உங்கள் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழி வேண்டாம்.

மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். அடுத்த தவணை தேதிவரை காத்திருக்க வேண்டாம். பொதுவாக இந்த நிலையில் பிரமிபெக்ஸோலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தேவைப்பட்டால் லெவோடோபாவைச் சரியான அளவுக்குக் கூட்டுவார்கள். குறைத்த சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் பலருக்கும் இந்த உந்துதல் அடங்குகிறது. ஆனால் குறைக்கும் காலம் சுலபமாக இருக்காது. பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, களைப்பு, அந்த மாத்திரைக்கான ஏக்கம் வரலாம். சிலருக்குக் கடுமையாகவே வரும். "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று அவர் கெஞ்சினால் அதை நடிப்பு என்று எண்ணாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, குறைக்கும் வேகத்தை மேலும் தணிக்கச் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பக்கவிளைவு பற்றி யாரும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லியிருக்க வேண்டும். ஒரு மருந்தைத் தொடங்கும்போது அதன் ஆபத்துகளைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அகோனிஸ்ட் விஷயத்தில் அதைக் குடும்பத்தாரிடமும் சொல்வதே முறை, ஏனென்றால் மாற்றத்தை முதலில் கவனிப்பது அவர்கள்தான். உங்கள் மருத்துவர் இதைக் காதில் வாங்க மறுத்தால் இன்னொரு நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, மருந்து குறைந்து உந்துதல் அடங்கும்வரை காவல் தேவை. அவர் தெளிவாகப் பேசும் ஒரு பகல் வேளையில், அவருடைய சம்மதத்தோடு கணக்கை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளின் வரம்பைக் குறையுங்கள். சீட்டாட்டச் செயலிகளில் கணக்கை முடக்கும் வசதி இருந்தால் அவரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். கடன் ஏற்பட்டிருந்தால், மருந்தின் பக்கவிளைவாக நேர்ந்தது என்று மருத்துவரிடம் எழுத்தில் குறிப்பு வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் மாறுபடும். அதைப் பற்றி நான் பேசுவது முறையல்ல.

அவருக்கு அடிக்கடி குமட்டல் வருகிறது, வேறொருவர் வாந்திக்கு ஊசி போட்டார், அன்று நடையே மோசமானது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். மெட்டோகுளோபிரமைடு போன்ற வாந்தி மருந்துகள் மூளையில் டோபமின் ஏற்பிகளை அடைத்துவிடும். இனி எந்த மருத்துவரிடம் போனாலும், அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதையும் இந்த வகை மருந்து ஆகாது என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது, ஆகவே அது வேலை செய்யக்கூடும். ஆபத்தும் அதில்தான்: ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கணக்கே தவறிவிடும்.

உடற்பயிற்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வேகநடையோ, சைக்கிளோ, நடனமோ, அவருக்குப் பிடித்த ஒன்றை மூச்சு வாங்கும் அளவுக்குத் தவறாமல் செய்தால் நடையும் சமநிலையும் மனநிலையும் தேறும். மருந்துக்கு அடுத்தபடியாக நான் நம்பிப் பரிந்துரைப்பது இதைத்தான்.

மகனுக்கும், பிள்ளைகளின் எதிர்காலத்துக்கும்

டோபமின் மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள், அதிகமானால் போதை, விரதம் இருந்தால் சமநிலை என்று உங்கள் மகன் படித்திருப்பது மிகவும் எளிமைப்படுத்தப்பட்ட கதை. கிடைத்ததை ரசிப்பதைவிட, கிடைக்காததை நாடித் துரத்துவதோடுதான் டோபமினுக்கு நெருக்கம் அதிகம். இரவெல்லாம் ஆடும் உங்கள் கணவர் அதில் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விரதம் இருந்து குறைப்பதற்கு அவர் மூளையில் டோபமின் மிகுந்துகிடக்கவில்லை. கைபேசியை மட்டும் பிடுங்கிவிட்டு மாத்திரையின் அளவை அப்படியே விட்டால், உந்துதல் வேறு வடிவத்தில் வெளிவரலாம். மகனின் அக்கறையை வேறு பக்கம் திருப்புங்கள்: மாத்திரை நேரங்களையும், எந்த நேரத்தில் நடுக்கம் திரும்புகிறது என்பதையும் ஒரு வாரம் அவன் குறித்துவைக்கட்டும். மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை.

அண்ணனின் மனச்சிதைவு நோயையும் தம்பியின் பார்க்கின்சன் நோயையும் ஒரே தராசின் இரு தட்டுகளாக நினைக்க வேண்டாம். மனச்சிதைவில் டோபமின் செல்கள் அழிவதில்லை; ஸ்ட்ரையேட்டத்தின் சில பகுதிகளில் டோபமின் உற்பத்தி கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவருக்குத் தரப்படும் மருந்துகள் டி2 என்ற டோபமின் ஏற்பிகளை அடைப்பவை. அதனால் அவருக்கும் நடுக்கமும் விறைப்பும் வரலாம். வந்தால் அது பெரும்பாலும் மருந்தின் விளைவு. நடைமுறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அண்ணனின் மாத்திரையும் தம்பியின் மாத்திரையும் ஒருபோதும் மாறிவிடக் கூடாது என்பதுதான்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை: பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது பெற்றோரிடமிருந்து நேரடியாக வந்ததல்ல. எல்ஆர்ஆர்கே2, பார்க்கின் போன்ற மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தால் வருவது சிறு பகுதி மட்டுமே; இளம் வயதிலேயே நோய் வந்தாலோ, நெருங்கிய உறவில் பலருக்கு இருந்தாலோ அதைப் பரிசோதிப்போம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. தந்தைக்கு இருப்பதால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்றே கூடும். அவ்வளவுதான்.

ஸ்டெம் செல்லைப் பற்றி நம்பிக்கை தரும் செய்தி உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் ஏமாற்றுவதும் எளிதாகிறது. 2025இல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஜப்பானில் கியோட்டோவில் 7 பேருக்கும், வட அமெரிக்காவில் 12 பேருக்கும், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த டோபமின் செல்களை அறுவை சிகிச்சை மூலம் மூளைக்குள் நேரடியாக வைத்தார்கள். முதல் நோக்கம் பாதுகாப்பானதா என்று பார்ப்பது. பாதுகாப்பில் பெரிய சிக்கல் எழவில்லை. செல்கள் உயிரோடிருந்து டோபமினைத் தயாரிப்பதற்கான அடையாளமும் தெரிந்தது. எவ்வளவு பலன், எவ்வளவு காலம் என்பதைப் பெரிய ஆய்வுகள்தான் சொல்ல முடியும். உங்களிடம் பணம் கேட்கும் மையம் செய்வது இரத்தக் குழாயில் ஊசி. இரத்தத்தில் செலுத்திய செல்கள் ஸ்ட்ரையேட்டத்துக்குப் போய் டோபமின் செல்களாக மாறுவதற்கு ஆதாரம் இல்லை. முறையான ஆய்வுகளில் பொதுவாக நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. மிஞ்சியிருக்கும் சேமிப்பை அங்கே கொடுக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். அவர் அறைக்குள் நுழைந்ததும் நடுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார், நேரம் அதிலேயே போய்விடும். ஆகவே இரண்டு விஷயங்களை ஒரு தாளில் எழுதி முதலிலேயே நீட்டுங்கள்: பிரமிபெக்ஸோலை எந்த மாதத்தில் எவ்வளவு கூட்டினார்கள், அதன் பிறகு எப்போது சீட்டாட்டம் தொடங்கியது என்பது ஒன்று; லெவோடோபாவை இத்தனை நாளாகப் பாதிதான் எடுக்கிறார் என்பது இன்னொன்று. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அளவு மாற்றி மூன்று மாதம் ஆன பிறகு, அவர் எப்படி இருக்கிறார், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். பிரிவது பற்றிய பேச்சை அப்போது வைத்துக்கொள்வோம்.